அலுவலகம், இரண்டு பிள்ளைகள், கூடவே எம்.ஏ. முடியுமா?

திண்டிவனம்_மலர்:
வணக்கம். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். பெரியவள் ஆறாம் வகுப்பு, சின்னவன் யுகேஜி. கணவருக்கு செங்கல்பட்டில் கம்பெனி வேலை, வாரம் விட்டு வாரம் நைட் ஷிஃப்ட். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. பொது நிர்வாகம் சேர ஆசை. ஆனால் நான் வீடு வந்து சேரவே ஏழு மணி ஆகிறது. மாமியார் வேறு "இந்த வயசுல எதுக்கும்மா படிப்பு?" என்கிறார். இப்படிப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

குடந்தை_நர்ஸ்:
தாராளமாகச் சேருங்கள் சகோதரி. நான் ஸ்டாஃப் நர்ஸ். ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே இக்னோவில் எம்.ஏ. சமூகவியல் முடித்தேன். முதல் வேலையாகத் துறை அனுமதி வாங்கிவிடுங்கள். பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள்.

அப்புறம், இரண்டே வருடத்தில் முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 4 ஆண்டு என்று இக்னோவே தருகிறது. முதலாண்டுத் தாள்கள் பாக்கி இருந்தாலும் இரண்டாம் ஆண்டுக்குப் பதிவு செய்யலாம். ஒவ்வொரு தாளின் அளவையும் கிரெடிட்டில் சொல்வார்கள்; ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது அவர்கள் கணக்கு. அப்படியானால் 4 கிரெடிட் தாளுக்கு 120 மணி. தினம் ஒரு மணி, ஞாயிறு நாலு மணி என்று உட்கார்ந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தாள் முடியும். ஜூன், டிசம்பர் என வருடத்துக்கு இரண்டு தேர்வு. இரண்டிரண்டு தாளாக எழுதினாலே நிறைய தூரம் போய்விடலாம். கடினமான தாளை ஜூனுக்கு வையுங்கள். மே மாதம் பள்ளி விடுமுறை, பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பலாம். டிசம்பரில் மழை, அரையாண்டுத் தேர்வு எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

அசைன்மென்டைத் தள்ளிப் போடவே போடாதீர்கள். பெரும்பாலான தாள்களில் அதற்கு 30 சதவீத மதிப்பெண், எல்லாம் கையால் எழுத வேண்டும்.

செய்யாறு_வாத்தியார்:
என் மனைவி வேலைக்குப் போய்க்கொண்டே எம்.எட். படித்தார். "நான் ஹெல்ப் பண்றேன்" என்று பொதுவாகச் சொன்னது எதற்கும் உதவவில்லை. காலை டிபனும் ஸ்கூல் வேனும் என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் அவருக்கு விடியற்காலை கிடைத்தது. உங்கள் கணவரிடமும் எந்த வாரம் எந்த வேலை என்று இப்போதே பேசிவிடுங்கள்.

திண்டிவனம்_மலர்:
ரொம்ப நன்றி. மாமியாரிடம் என்ன சொல்வது?

குடந்தை_நர்ஸ்:
வாதம் வேண்டாம்மா. "எட்டு மணியிலிருந்து ஒன்பது வரை சின்னவனைப் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தை" என்று அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் கேளுங்கள். என் மாமியாரும் முதலில் முணுமுணுத்தவர்தான். பிறகு நான் படிக்கும்போது டிவி சத்தத்தை அவரே குறைத்துவிடுவார். பேரப் பிள்ளைகளோடு கதை பேச அவருக்கும் பிடித்துப் போனது.

இன்னொன்று. பணம் கட்டுமுன் இக்னோவின் பாடப் புத்தகங்கள் இருக்கும் இ-ஞானகோஷ் தளத்தில் முதல் தாளின் புத்தகத்தை இறக்கிப் படியுங்கள், இலவசம்தான். ஆங்கிலம் சிரமமாக இருந்தால், தமிழ் வழியில் படிக்கத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் விசாரியுங்கள்.