நோட்டாம் எல்லாவற்றையும் விமானிகள் உண்மையிலேயே படிக்கிறார்களா?

ஈசூன்வாசி எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக 26 வருஷம் இருந்துவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றவன் நான். சின்ன மகள் துணை விமானியாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், சொன்னால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.

போன வாரம் நள்ளிரவு தாண்டி ஒரு விமானம். இரவு எட்டு மணிக்கே சாப்பாட்டு மேசையில் ஐபேடோடு உட்கார்ந்துவிட்டாள். அதில் நோட்டாம், அதாவது ஓடுபாதை மூடல் மாதிரி விஷயங்களை விமானிகளுக்குச் சொல்லும் அறிவிப்புகள். ஒரு கையில் தயிர்சாதம், இன்னொரு கை திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து, புள்ளியும் இல்லை, மூச்சு விட இடமும் இல்லை. அறுபது பக்கத்துக்கு மேல் இருக்கும். ஓரிடத்தில் பறவைகள் நடமாட்டம். அடுத்தது புல் வெட்டுகிறார்கள். அதற்கும் அடுத்து ஏதோ கிரேன் நிற்கிறதாம், அதன் உயரம், அதில் விளக்கு உண்டா இல்லையா. இவள் ஒரு பக்கத்துக்கு நாலு விநாடிதான் கொடுத்தாள்.

“இதையெல்லாம் படிக்கிறாயா, பார்க்கிறாயா?” என்றேன். “அப்பா, டாக்சி வந்துவிட்டது” என்று கிளம்பிவிட்டாள்.

அப்புறம் நான் சும்மா இருக்காமல் இணையத்தில் தேடினேன். சான் பிரான்சிஸ்கோவில் ஓடுபாதை மூடியிருக்கிறது என்ற அறிவிப்பைக் கவனிக்காமல் இறங்கப் போன விமானத்தின் கதை கண்ணில் பட்டது. அன்று தூக்கம் போனது. எங்கள் பட்டறையில் வேலைக்கு முன் நடக்கும் காலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் (டூல்பாக்ஸ் மீட்டிங்), அன்றைய வேலைக்கான பெர்மிட்டை நான் வாசிக்கும்போது காது கொடுக்காமல் போனை நோண்டினால் அன்றைக்கு ஆளை உள்ளே விடமாட்டேன். அவ்வளவு படித்த விமானிகள் எப்படி இதைக் கோட்டை விடுகிறார்கள்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய டிஸ்பாட்சர் எழுதியது:

ஐயா, முதலில் மகளுக்கு வாழ்த்து. விமானங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலையில் 22 வருஷம் இருந்தவன் நான். அந்தக் காகிதக் கட்டை அடித்துக் கொடுத்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நீங்கள் சொல்வது 2017 ஜூலை 7 இரவு நடந்தது. டொரோன்டோவிலிருந்து வந்த ஏர் கனடா 759. அங்கே 28 இடது, 28 வலது என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடுபாதை. 28 இடது ஓடுபாதை இரவு 11 மணியிலிருந்து மூடல், விளக்குகளும் அணைத்தாகிவிட்டது. விமானிகள் இரண்டு ஓடுபாதை தெரியும் என்று எதிர்பார்த்து வந்தார்கள். அதனால் எரிந்துகொண்டிருந்த 28 வலதை இடது என்று எடுத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்து டாக்சிபாதையை (விமானங்கள் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் வழி) 28 வலது என்று நம்பி இறங்கினார்கள். அந்த டாக்சிபாதையில் நாலு விமானங்கள் ஆட்களோடு வரிசையில் நின்றன. தரையிலிருந்து சுமார் 60 அடி வரை வந்துவிட்டுத்தான் மேலே தூக்கினார்கள்.

இதில் உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டும். அறிவிப்பு அவர்கள் கண்ணில் படாமல் இல்லை. அது 27 பக்கக் கட்டில் 8ஆவது பக்கத்தில் இருந்தது, பார்த்தும் இருந்தார்கள். தேவைப்பட்ட நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அப்போது சான் பிரான்சிஸ்கோவில் நள்ளிரவு, அவர்கள் உடம்புக்கு டொரோன்டோ நேரப்படி விடியற்காலை மூன்று. ஓடுபாதைக்கு நேராக வழிகாட்டும் ரேடியோ கருவியின் அலைவரிசையைக் கையால் போட வேண்டியிருந்தது, அதுவும் விட்டுப்போயிற்று. போட்டிருந்தால் கோடு தப்புகிறது என்று திரையே காட்டிக் கொடுத்திருக்கும்.

இந்த எழுத்து நடை டெலிபிரின்டர் காலத்துச் சொத்து. ஓடுபாதையை ஆர்டபிள்யூஒய் என்பார்கள், மூடியதை சிஎல்எஸ்டி என்பார்கள். நேரம் முழுக்க உலகப் பொது நேரம். 2200 என்று இருந்தால் நமக்கு மறுநாள் காலை 6. ஓடுபாதை மூடலும் புல் வெட்டுவதும் ஒரே அளவு எழுத்து, ஒரே நிறம். எதையும் விடாமல் போட்டுவிட்டால், நாளைக்கு ஏதாவது ஆனால் ‘நாங்கள் சொன்னோமே’ என்று போட்டவர் தப்பிக்கலாம். படிக்கிறவன் பாடு அவருக்குக் கவலை இல்லை. விசாரணை செய்த அமெரிக்க வாரியத்தின் தலைவர் ராபர்ட் சம்வால்ட் 2018இல் இந்த நோட்டாம்களை யாரும் கண்டுகொள்ளாத குப்பை என்றே சொல்லிவிட்டார். எனக்கு அதில் முழுச் சம்மதம்.

நான் மஞ்சள் ஹைலைட்டர் வைத்திருந்தேன். ஒரு கட்டில் மூன்று கோட்டுக்கு மேல் போடமாட்டேன். நாலாவது போட்டால் எதுவும் மஞ்சள் இல்லை என்று அர்த்தம்.

காப்பிக்கடை கோவிந்து எழுதியது:

குப்பை என்று சொல்லிக் கைகழுவ முடியாது அண்ணே. 2000 அக்டோபர் 31, தைப்பேயில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ006. அதை நாம் மறக்க முடியுமா? புயல் மழை, இருட்டு. 05 இடதில் ஏற வேண்டிய விமானம் 05 வலதில் ஓடியது. வலதின் ஒரு பகுதியில் கட்டுமான வேலை, நோட்டாம் ஆகஸ்ட் 31ஆம் தேதியே வந்தாயிற்று. விமானம் அந்த வேலையிடத்தில் மோதி 83 பேர் போனார்கள். அந்த ஓடுபாதை மூடியிருக்கிறது என்பது விமானிகளுக்குத் தெரியும். தெரிந்தும், தாங்கள் அதன்மேல்தான் நிற்கிறோம் என்பது தெரியவில்லை. டாக்சிபாதையாக அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்ததால் மறித்து அடைத்தும் வைக்கவில்லை. காகிதத்தைச் சுத்தமாக எழுதினால் மட்டும் இதற்கு மருந்து ஆகிவிடாது.

டிப்போ தங்கம் எழுதியது:

விமானம் எனக்குத் தெரியாது, நான் பேருந்து ஓட்டுகிறேன். ஆனால் இந்தச் சங்கதி எங்களுக்கும் உண்டு. தைப்பூசத்துக்கு முந்தின நாள் டிப்போவில் மாற்றுவழித் தாள் கொடுத்தார்கள். நாலு பக்கம், முழுக்க ஐந்து இலக்க நிறுத்த எண்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். மறுநாள் பழக்கத்தில் வண்டியைப் பழைய பாதையிலேயே விட்டுவிட்டேன். தேங்க் ரோடு பக்கம் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தியபோதுதான் தாள் நினைவுக்கு வந்தது. அதுவும் எப்பேர்ப்பட்ட நாள்! என் வீட்டுக்காரி அன்றைக்குப் பெருமாள் கோயிலிலிருந்து பால்குடம் எடுத்து நடந்து வந்துகொண்டிருந்தாள். ஊரே அறிந்த ஊர்வலம், தமிழன் எனக்குத் தெரியாதா? தெரியும். கைதான் சிக்னலில் தானாக இடது பக்கம் ஒடித்தது.

இப்போதெல்லாம் திரும்ப வேண்டிய இடத்தை மட்டும் சின்னத் தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுவேன். நாலு பக்கமும் பைக்குள்.

ஈசூன்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தங்கம் அண்ணே, உங்கள் பதிலை மகளிடம் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் உட்கார வைத்து விளக்கினாள்.

அவள் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பதே இல்லையாம். முதலில் புறப்படும் இடத்தின் ஓடுபாதைகள், அடுத்து இறங்கும் இடம், அடுத்து மாற்று விமான நிலையம். தாங்கள் அங்கே இருக்கப்போகும் நேரத்துக்கு வெளியே உள்ளதை ஒதுக்கிவிடுவாள். மிச்சம் இருப்பதை ஒரு சின்ன அட்டையில் எழுதிக்கொள்வாள். இறங்கத் தொடங்கும் முன் கேப்டனிடம் அந்த அட்டையிலிருந்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்வாளாம். வீட்டில் நான் பார்த்தது வெறும் முதல் சுற்று. கேப்டனோடு உட்கார்ந்து பார்ப்பது சாங்கி விமான நிலையத்துக்குப் போன பிறகு.

பட்டறையில் ஒரு நாளில் 14 பெர்மிட்டை ஒரே குரலில் படித்து முடித்தவன் நான். எத்தனை பேர் காதில் எது விழுந்ததோ. ஆளை வெளியே நிறுத்தினேனே தவிர, வாசிப்பை மாற்றவில்லை.

சரி, அந்தக் கிரேன் என்ன ஆயிற்று என்று கடைசியாகக் கேட்டேன்.

“எந்தக் கிரேன்?”

காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அப்பா, இது நாங்கள் போன ஊரே இல்லை.”