பத்துக் கோத்திரங்களும் எசேக்கியேல் 37-உம்: விளக்கம் தேவை

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையின் வேதபாட வகுப்புக்காக, வட இஸ்ரவேல் ராஜ்யத்திலிருந்து சிதறிப்போன பத்துக் கோத்திரங்களைப் (குலங்களைப்) பற்றிய தீர்க்கதரிசனங்களைத் தொகுத்து வருகிறேன். இரண்டு இடங்களில் தெளிவு வேண்டும்.

கி.மு. 722-இல் அந்த ராஜ்யத்தின் தலைநகரான சமாரியா வீழ்ந்தபின், அசீரியர் இஸ்ரவேலரைக் கோசான் நதியோரத்திலும் மேதியரின் பட்டணங்களிலும் குடியேற்றியதாக 2 இராஜாக்கள் 17 சொல்கிறது. எசேக்கியேல் 37-இலோ தென் ராஜ்யமான யூதாவின் கோலும், வட ராஜ்யத்தைக் குறிக்கும் எப்பிராயீமின் கோலும் தீர்க்கதரிசியின் கையில் ஒன்றாகின்றன. இது இனி நிகழவேண்டிய தேசிய மீட்பு என்பது ஒரு சாராரின் விசுவாசம். கிறிஸ்துவின் ஒரே மந்தையில் நிறைவேறிவிட்டது என்பது மறுசாராரின் போதனை. (ஆங்கிலேயரே அக்கோத்திரங்களின் சந்ததி என்று 19-ஆம் நூற்றாண்டில் பரவிய கொள்கையை நான் பொருட்படுத்தவில்லை, அதற்கு வேதத்திலும் ஆதாரமில்லை, வரலாற்றிலும் இல்லை.)

தேவாலயத்தில் குழந்தை இயேசுவைக் கண்டு கர்த்தரைப் புகழ்ந்த அன்னாள் அந்தப் பத்தில் ஒன்றான ஆசேர் கோத்திரத்தாள் என்று லூக்கா 2:36 குறிப்பிடுகையில், அக்கோத்திரங்கள் முற்றிலும் தொலைந்தன என்று போதிப்பது சரிதானா? அடுத்து, வெளிப்படுத்தின விசேஷம் 7-ஆம் அதிகாரத்தில் முத்திரையிடப்பட்ட கோத்திரங்களின் பட்டியலில் தாண் கோத்திரம் விடுபட்டது ஏன்? அந்திக்கிறிஸ்து தாணிலிருந்து வருவான் என்ற இரண்டாம் நூற்றாண்டுச் சபைப் பிதாவான இரேனேயுவின் பழைய விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை.

வசன ஆதாரத்தோடு விளக்கக்கூடியவர்களும், தமிழில் நல்ல விளக்கவுரை எதையேனும் அறிந்தவர்களும் தயவுசெய்து பதிலிடுங்கள்.