கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் இரண்டு ராத்திரி டென்ட்: ஐந்து பேருக்குச் சாப்பாடு எப்படிக் கட்டுவது?

வைகைக்கரை:
மதுரையிலிருந்து வெள்ளி காலை 6 மணிக்கு கார்ல கிளம்பி ஞாயிறு மாலை திரும்பறோம். பெரியவங்க 3 பேர் (அம்மாவுக்கு 68, சுகர் மாத்திரை போடறாங்க), பசங்க 2 பேர் (11, 7). தனியார் தோட்டத்துல டென்ட் மட்டும்தான் வாடகைக்கு. அவங்ககிட்டயே சாப்பிட்டா ஆளுக்கு வேளைக்கு 250 ரூபாய். வெள்ளி மதியத்துலேர்ந்து ஞாயிறு மதியம் வரை 7 வேளை, 8,750 ஆகுது. அதுல கால்வாசிக்குள்ள முடிக்கணும். கையில இருக்கறது சின்ன கேஸ் டின் மாட்டற அடுப்பு, 3 லிட்டர் குக்கர், ஒரு ஐஸ் பெட்டி. புளியோதரை ரெண்டு நாள் தாங்குமா? சிக்கன் மசாலா தடவி எடுத்துட்டுப் போலாமா? டின் எத்தனை வாங்கணும்?

கட்டுச்சோறு:
புளிக்காய்ச்சல் மாதக்கணக்கில் தாங்கும், கலந்த சோறு தாங்காது. இந்த வித்தியாசம்தான் உங்கள் மொத்தத் திட்டமும். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் சமைத்ததைக் கட்டுங்கள். சனி, ஞாயிறுக்கு வறுத்த கலவையும் பொடியும் எடுத்துப் போய் அங்கே கொதிநீரில் முடித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி மதியப் புளியோதரைக்கு அரை கிலோ பொன்னி அரிசி, 75 கிராம் புளி, 100 மில்லி நல்லெண்ணெய். காய்ச்சலை முந்தின நாளே செய்துவிடலாம். கரண்டியால் ஒதுக்கினால் எண்ணெய் தனியே ஓடிவந்து நிற்க வேண்டும், அதுவரை இறக்காதீர்கள். தண்ணீர் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். சோற்றை உதிரியாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் பரப்பி, எண்ணெய் விட்டு நன்றாக ஆறிய பிறகே கலக்க வேண்டும். பலர் அவசரத்தில் சூடாகவே டப்பாவில் அடைப்பார்கள். மூடியில் வேர்த்துச் சொட்டும், மதியத்துக்குள் ஊசிப்போகும். பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து சோறு வேகும்போது சாவதில்லை. அடைத்து வைத்த சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடப்பது அதற்குத் தோதாகிவிடுகிறது. அது கக்கிய நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. வேர்க்கடலையைத் தனிப் பொட்டலமாகக் கட்டி, பரிமாறும்போது தூவுங்கள். முன்பே கலந்தால் நமத்துவிடும்.

காரில் காலைச் சாப்பாட்டுக்கு இட்லி. மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி, அனலில் வாட்டிய வாழை இலையில் மடியுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழியும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். பசங்களுக்கு வத்தலக்குண்டுக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், அளவாக. வயிறு நிறைய இட்லியோடு கொண்டை ஊசி வளைவு ஏறினால் வண்டி கழுவ வேண்டியிருக்கும்.

வெள்ளி இரவுக்குச் சப்பாத்தி. அரை கிலோ மாவில் 20 வரும். பால் விட்டுப் பிசையாமல் வெந்நீரும் எண்ணெயும் விட்டுப் பிசையுங்கள். தொட்டுக்கொள்ள ஒரு கிலோ தக்காளியில் தொக்கு, மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும் வரை. கூடவே பால் சாதமாகப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் விட்டு எடுத்துப்போனால் இரவுக்கு உறைந்து தயிர் சாதமாகிவிடும்.

மலைக்காற்று:
அண்ணன் சொன்னதில் தயிர் சாதத்தை மட்டும் மதியத்துக்கு மாற்றுங்கள். மதுரை வெயிலில் 6 மணி நேரத்தில் உறைவது, மேலே 15 டிகிரி குளிரில் பாதியிலேயே நின்றுவிடும். பாலும் இல்லாமல் தயிரும் இல்லாமல் இருக்கும்.

இப்போது கேஸ். 225 கிராம் டின் முழு எரிப்பில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வரும். காலை டிபன், மூன்று வேளை டீ, இரவுச் சோறு என்று பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு டின். மூன்று வாங்குங்கள், ஒன்று உபரி. உள்ளே இருப்பது பியூட்டேன், குளிரில் சரியாக ஆவியாகாது. விடிகாலையில் அடுப்பு மங்கலாக எரிந்தால் டின் காலியாகிவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள். ராத்திரி டின்னைத் துணியில் சுற்றி வையுங்கள். வெந்நீரில் வைப்பது, தீயில் காட்டுவது கூடவே கூடாது. அடுப்பை விட அகலமான தோசைக்கல்லும் ஏற்ற வேண்டாம், டின் இருக்கும் பக்கத்துக்கு மேல் அது நீட்டிக்கொண்டு நின்றால் டின் சூடாகி வெடிக்கும். உங்கள் 3 லிட்டர் குக்கர் சரி. மழை வந்தாலும் டென்ட்டுக்குள் பற்றவைக்காதீர்கள், அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது.

சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, கேஸ்தான் தீரும். சனி காலைப் பொங்கலுக்கு ஒன்றரை டம்ளர் அரிசி, முக்கால் டம்ளர் வறுத்த பாசிப்பருப்பு, மிளகு சீரகத்தோடு வீட்டிலேயே கலந்து கட்டுங்கள். அங்கே அரை மணி ஊறவைத்து, நான்கு மடங்கு தண்ணீர் விட்டு, வீட்டில் வைப்பதை விட இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள்.

உப்புமாவுக்கு ரவையை நன்றாக வறுத்து, தாளிப்பைத் தனியாக எண்ணெயில் செய்து, கறிவேப்பிலை மொறுமொறுப்பாகும் வரை விட்டு, உப்போடு கலந்து வைத்துவிடலாம். ஒரு டம்ளர் கலவைக்கு இரண்டரை டம்ளர் கொதிநீர். கிளறிக்கொண்டே தூவி, கெட்டியானதும் அணைத்து மூடிவிட்டால் ஐந்து நிமிடத்தில் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். அம்மாவுக்குக் கோதுமை ரவை என்றால் தண்ணீர் மூன்று டம்ளர், அடுப்பிலும் கொஞ்ச நேரம் கூடுதலாக இருக்க வேண்டும்.

பூண்டுமணி:
காய்கறியை மதுரையிலிருந்து தூக்கிக்கொண்டு போகாதீங்க. கேரட், உருளை, பீன்ஸ் எல்லாம் அங்கேயே விளையுது. மலைப்பூண்டும் அங்கதான், 2019ல் புவிசார் குறியீடு வாங்கினது. சனி ராத்திரிக்குக் குக்கர்ல காய் சாதம் போதும்.

சிக்கன் வேண்டாம். சின்னப் பெட்டியில ஐஸ் சாயங்காலத்துக்குள்ள தண்ணியாயிடும், மசாலா தடவினா கெடாதுங்கறதும் தப்பு. அதுக்குப் பதிலா முட்டை 15. அரிசி டப்பாவுக்குள்ள புதைச்சு வெச்சா வளைவுலயும் உடையாது, அந்தக் குளிருக்கு மூணு நாளும் நிக்கும். கழுவாதீங்க, ஓட்டு மேல இருக்கற பூச்சு போயிடும்.

டீக்குப் பால்பவுடரைக் கொதிநீர்ல கொட்டினா கட்டி கட்டியாகும். வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சுக்கிட்டு ஊத்துங்க. தண்ணிக்கு 20 லிட்டர் கேன். கொடைக்கானல்ல 5 லிட்டருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அனுமதி இல்ல, சோதனையில எடுத்துடுவாங்க. மலைக்கு வண்டி ஏற வாங்கற இ-பாஸும் போட்டுடுங்க. மிச்சம் மீதியை டென்ட்டுல வைக்காம கார்ல பூட்டுங்க. பகல்ல குரங்கு, ராத்திரி காட்டுப்பன்னி.

அம்மா மாத்திரை போடறதால வேளை தள்ளிப்போகக் கூடாது. சமையல் லேட்டானா சமாளிக்கப் பொரிகடலை, ஒரு பாக்கெட் பிஸ்கட். சுகர் இறங்கி வேர்த்துக் கை நடுங்கினா உடனே கொடுக்க சர்க்கரையோ குளுக்கோஸோ அவங்க பையிலேயே இருக்கட்டும்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி. சிக்கன் கேன்சல். சனி மதியம், ஞாயிறு மதியம் மட்டும் நிக்குது.

கட்டுச்சோறு:
சனி மதியத்துக்குச் சோறு வடித்து மீதிப் புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசையுங்கள், முட்டை அவித்துக்கொள்ளலாம். சோற்றை இரண்டு வேளைக்குச் சேர்த்து வடிக்காதீர்கள். ஞாயிறு காலை உப்புமா, மதியம் அடுப்பே வேண்டாம்: அரை கிலோ கெட்டி அவலை ஊறவைத்துப் பிழிந்து, எலுமிச்சை, உப்பு, கொண்டுபோன தாளிப்பு. பாத்திரம் கழுவி, கேஸ் டின்னைக் கழற்றி, 12 மணிக்கே இறங்க ஆரம்பிக்கலாம்.