சிங்கப்பூர் ஆத்தங்கரை சிலைங்க: செட்டியாரும் நாராயண பிள்ளையும்

எல்லாருக்கும் வணக்கம். ஆத்தங்கரை சிலைங்களப் பாத்தேன்னு போன வாரம் ஒரு வரி எழுதினதுக்கு மூணு பேரு விவரமா எழுதச் சொன்னீங்க, அதான் ஞாயித்துக்கிழமை மறுபடி ஒரு நடை போய்ட்டு வந்து உக்காந்துட்டேன், நீளமா இருந்தா திட்டாதீங்க.

ஃபுல்லர்டன் ஹோட்டல் பக்கத்துல, கேவனா பாலத்துக்கிட்ட, அஞ்சு பொடிப்பசங்க ஒட்டுத்துணி இல்லாம ஆத்துல குதிக்கிறாங்க, எல்லாம் வெண்கலம். 2000ல சோங் ஃபா சியோங்னு ஒரு சிற்பி செஞ்சது, பேரு 'முதல் தலைமுறை'. பீடம் கீடம் ஒண்ணும் கிடையாது, கரை விளிம்புலயே நிக்குதுங்க. என் பொண்ணு "அப்பா விழுந்துடுவாங்கப்பா"ன்னு என் சட்டையப் பிடிச்சு இழுத்தா, அதுக்கு மேல அந்த சிற்பிக்கு என்ன பாராட்டு வேணும்.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. 1977ல ஆத்தை சுத்தம் பண்ண ஆரம்பிச்சாங்க, முடிய பத்து வருஷம் ஆச்சு, நடுவுல 1983ல சரக்கு ஏத்துற தொங்கான் எல்லாத்தையும் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பிட்டாங்க. ஆத்துல பொழைச்ச ஆளை அனுப்பிட்டு அப்புறம் அவனோட வாழ்க்கைக்கே சிலை! குறையா சொல்லலை, பழைய நாத்தம் இருந்திருந்தா நாம யாரு அங்க போய் நிக்கப் போறோம், ஆனாலும் மனசுல ஒண்ணு உறுத்தத்தான் செய்யுது.

நம்மாளுங்களுக்கும் அங்க இடம் இருக்கு. வட்டிக்கடை செட்டியாரையும் இந்தக் காலத்து நிதி ஆளுங்களையும் சேத்து ஒரு சிலை. மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கு நம்ம ஜனம் வெச்ச பேரே செட்டித் தெரு, அங்க கிட்டங்கியில, அதாவது அவங்க தொழில் பண்ணின கட்டடத்துல, தரையில உக்காந்து பெட்டியை முன்னால வெச்சு கணக்கு எழுதுவாங்களாம். அந்தக் கிட்டங்கிங்க இப்ப இல்ல, இருந்த இடத்துல பூரா ஆபீஸ் கட்டடம்.

இன்னொரு சிலையில ஜான்ஸ்டன்ங்கிற வெள்ளைக்கார வியாபாரி சீனர், மலாய்க்காரர் கூட பேரம் பேசுறாரு, பக்கத்துல கூலியாளுங்க மாட்டு வண்டியில மூட்டை ஏத்துறாங்க. ஜான்ஸ்டனுக்கு பேரு உண்டு, மூட்டை தூக்குறவனுக்குக் கிடையாது. ஆரம்ப காலத்துல கப்பல்லேர்ந்து கரைக்கு சரக்கு இறக்கின படகுக்காரங்கள்ல முக்கால்வாசி நம்ம சோழமண்டலக் கரையிலேர்ந்து போன சூலியாக்காரங்கதான், அதுல ஒரு பேராவது எங்கயாச்சும் செதுக்கியிருக்கான்னு தேடித் தேடிப் பாத்தேன், என் கண்ணுல படலை.

சரி, பேரு தெரிஞ்சவருக்காவது நிலைச்சுதா? நாராயண பிள்ளை, சிங்கப்பூர்ல பிரிட்டிஷ்காரங்க குடியேத்தத்தை ஆரம்பிச்ச ராஃபிள்ஸோட 1819ல வந்து செங்கல் சூளை போட்டவரு, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1827ல ஆரம்பிச்சது அவராலதான். ராஃபிள்ஸ் வந்து 200 வருஷம் ஆனதுக்கு 2019 ஜனவரியில அவரோட வெள்ளைச் சிலைக்குப் பக்கத்துல நாலு பேருக்கு சிலை வெச்சாங்க, அதுல பிள்ளையும் ஒருத்தர். சில நாள்தான், அப்புறம் எடுத்துட்டாங்க. ராஃபிள்ஸ் மட்டும் கையக் கட்டிக்கிட்டு அங்கயேதான் நிக்கிறாரு.

வர்றவங்க ராஃபிள்ஸ் பிளேஸ் ஸ்டேஷன்ல இறங்கி நடங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல போங்க, பகல்ல அந்த வெண்கலத்துல கை வெச்சா சுட்டுடும், என் பொண்ணு வெச்சுட்டு அழுதா.