கார்டிசால் டெஸ்ட்: நைட் ஷிஃப்ட் ஆட்களுக்கு எந்த நேரம்?

கேள்வி: லேபில் காலை 8 மணிக்கு வரச் சொல்கிறார்கள். காலை 7-க்கு வேலை முடிந்து, பகல் 3 வரை தூங்குபவருக்கும் அதே நேரம்தானா? ஆஸ்துமா இன்ஹேலரும் உண்டு.

பதில்: கார்டிசால் (அட்ரீனல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன்), கண் விழித்த அரை மணி முக்கால் மணிக்குள் உச்சத்துக்குப் போகும், நள்ளிரவில் அடிமட்டம். ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் அளவுகள் இரவில் தூங்குபவர்களுக்கானவை. ஷிஃப்ட் ஆட்களுக்கு இந்தச் சுழற்சி பாதிதான் நகரும், ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால் லீவில் சில நாள் இரவில் தூங்கிப் பழகியபின் ரத்தம் கொடுப்பதே மேல். முடியாவிட்டால் எழுந்த நேரம், ரத்தம் எடுத்த நேரம் இரண்டையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பலர் விடுவது இதைத்தான்.

பதில்: எந்த இன்ஹேலர்? சால்புட்டமால் என்றால் கவலையில்லை. புடசோனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலரை அதிக அளவில் நீண்டநாள் இழுத்தால் அட்ரீனல் சுரப்பே மந்தமாகலாம். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையோ பல லேப் கருவிகளில் கார்டிசாலாகவே எண்ணப்பட்டு அளவை ஏற்றிக் காட்டும். டெஸ்டுக்காக எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வாந்தி, மயக்கம், பிரஷர் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் மொத்த அளவைக் கூட்டும்.

பதில்: குஷிங் (கார்டிசால் மிகையாகும் நோய்) சந்தேகம் என்றால் ஒற்றைக் காலை அளவால் பயனில்லை. இரவு 11-க்கு, கார்டிசால் சுரப்பை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் 1 மி.கி. (0.5 மி.கி. மாத்திரை இரண்டு), மறுநாள் 8-9 மணிக்கு ரத்தம். 1.8 மைக்ரோகிராம்/டெசிலிட்டருக்கு மேல் இருந்தால்தான் அடுத்த கட்டம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுபவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் சீக்கிரம் கரைந்து, இல்லாத நோயைக் காட்டும். நள்ளிரவு எச்சில் டெஸ்ட் ஷிஃப்ட் ஆட்களுக்கு ஒத்துவராது.