பிரவுசரில் ஓடுகிறது, டெர்மினலில் மட்டும் ‘குட் நாட் ஃபைண்ட் டிரைவர்’

கேள்வி:
வணக்கம். உபுண்டு 22.04 சர்வர். ஒரு மளிகைக் கடைக்காக பிஎச்பியில் எழுதிய பில்லிங் தளம் பிரவுசரில் நன்றாக ஓடுகிறது. ராத்திரி 11 மணிக்கு அன்றைய விற்பனையைக் கூட்டிப் போடும் ஸ்கிரிப்ட் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) இருக்கிறது. மூன்று நாளாக அது மட்டும் ‘குட் நாட் ஃபைண்ட் டிரைவர்’ (டிரைவர் கிடைக்கவில்லை) என்று நின்றுவிடுகிறது. டெர்மினலில் கையால் ஓட்டினாலும் அதே கதை. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டேன். கடைக்காரர் தினமும் காலையில் போன் போடுகிறார்.

பதில் 1:
பிஎச்பியின் அமைப்புகள் இருக்கும் ஐஎன்ஐ ஃபைலில் பிடிஓ மைஎஸ்கியூஎல் (மைஎஸ்கியூஎல்லோடு பேச வைக்கும் டிரைவர்) வரிக்கு முன்னால் இருக்கும் அரைப்புள்ளியை எடுத்துவிடுங்கள், அந்த வரி செயலுக்கு வரும்.

கேட்டவர்:
எடுத்தேன் அண்ணா. பழைய பிழை அப்படியே இருக்க, ‘அன்ஏபிள் டு லோட் டைனமிக் லைப்ரரி’ (லைப்ரரி ஃபைலை ஏற்ற முடியவில்லை) என்று புதிதாக ஒன்றும் வருகிறது.

பதில் 2:
பாஸ்வேர்டை விடுங்கள் தம்பி, ஸ்கிரிப்ட் டேட்டாபேஸ் வாசலுக்கே போகவில்லை. ஏற்றச் சொன்ன டிரைவர் ஃபைல் அங்கே இல்லை, புதிய எச்சரிக்கை சொல்வது அதைத்தான். பிரவுசருக்கு ஓடும் பிஎச்பி வேறு, டெர்மினலில் ஓடுவது வேறு, ஐஎன்ஐ ஃபைலும் தனித்தனி. டெர்மினலில் பிஎச்பி ஹைபன் வி (வெர்ஷனைக் காட்டும்), பிஎச்பி ஹைபன் எம் (ஏறியிருக்கும் மாட்யூல்களைக் காட்டும்) இரண்டையும் அடித்து, வருவதைச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
8.3 என்கிறது! தளத்தை ஓட்டும் பிஎச்பியான எஃப்பிஎம் 8.1. மாட்யூல் பட்டியலில் பிடிஓ இருக்கிறது, பிடிஓ மைஎஸ்கியூஎல் இல்லை. திங்கட்கிழமை வெளி ரெப்போ (பேக்கேஜ் கிடங்கு) ஒன்றைச் சேர்த்து ஒரு டூல் போட்டேன், அதனாலா?

பதில் 2:
அதேதான். அது 8.3-ஐயும் கூடவே இழுத்து வந்திருக்கும். நாம் வேறு எதையும் தேர்ந்து வைக்காவிட்டால், ‘பிஎச்பி’ என்று அடித்ததும் பெரிய வெர்ஷன்தான் ஓடும். பிடிஓ என்பது டேட்டாபேஸ்களோடு பேசும் பொது அடுக்கு, அது இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் அதன் டிரைவர் தனியாக வேண்டும். உங்களிடம் அது 8.1-க்கு மட்டும் இருக்கிறது. ஆப்ட் (உபுண்டுவில் பேக்கேஜ் நிறுவும் கட்டளை) மூலம் 8.3-க்கான மைஎஸ்கியூஎல் பேக்கேஜைப் போடலாம். இல்லையென்றால் கிரான் வரியில் வெறும் பிஎச்பிக்குப் பதில் பிஎச்பி 8.1-இன் முழுப் பாதையைக் கொடுக்கலாம். நானாக இருந்தால் இரண்டாவதைச் செய்வேன். தளமும் கிரானும் ஒரே வெர்ஷனில் இருந்தால் பாதித் தலைவலி குறையும்.

கேட்டவர்:
இரண்டையும் செய்துவிட்டேன், ஓடுகிறது! ஆனால் டெர்மினலில் 8.3-ஐ ஓட்டினால் ‘ஆல்ரெடி லோடட்’ என்று முணுமுணுக்கிறது.

பதில் 2:
பேக்கேஜே டிரைவரை ஏற்றிவிடுகிறது, உங்கள் ஐஎன்ஐ வரி இன்னொரு முறை ஏற்றப் பார்க்கிறது. எடுத்த அரைப்புள்ளியைத் திரும்ப வையுங்கள்.

கேட்டவர்:
வைத்தாச்சு, சத்தமே இல்லை. விட்டுப்போன மூன்று நாள் கணக்கையும் தேதி கொடுத்து ஓட்டிவிட்டேன். நன்றி அண்ணா.