240 இடம், 232 இடம்: பெரும்பான்மை இல்லாத அரசு உருப்படுமா?

கணக்கர்:
2024 மக்களவைத் தேர்தலில் பாஜக 240-இல் நின்றதும் "மைனாரிட்டி அரசு, ஒரு வருஷம் தாங்காது" என்று பாதிப்பேர் எழுதித் தள்ளினார்கள். தாங்காது என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? 1991-இல் காங்கிரஸ் 232 இடத்தோடு வந்தது. அந்த நரசிம்ம ராவ் ஆட்சிதான் ரூபாய் மதிப்பைக் குறைத்தது, தொழில் உரிம முறையைக் கிட்டத்தட்ட ஒழித்தது, ஐந்து வருஷமும் ஓடியது. பஞ்சாயத்து ராஜ் திருத்தத்தையும் 1992 டிசம்பரில் நிறைவேற்றியது. மக்களவையில் 400-க்கு மேல் வைத்திருந்த ராஜீவ் அரசு 1989 அக்டோபரில் அதே விஷயத்துக்கான மசோதாவை மாநிலங்களவையில் பறிகொடுத்தது. கை நிறைய ஆள் இருந்தவரால் முடியாததை ஆள் பற்றாதவர் முடித்தார். சிறுபான்மை அரசு பேசித்தான் ஆக வேண்டும், பேசினால் சட்டம் நன்றாக வரும். என் வாதம் இதுதான்.

சட்டப்புள்ளி:
முதலில் ஒரு திருத்தம். 2024-இல் வந்தது சிறுபான்மை அரசே இல்லை. தேர்தலுக்கு முன்பே கூட்டணி, தெலுங்கு தேசம் 16, ஐக்கிய ஜனதா தளம் 12, இருவரும் அமைச்சரவையில். மொத்தம் 293, தேவை 272. இது கூட்டணிப் பெரும்பான்மை. அமைச்சரவையில் உள்ள கட்சிகளைக் கூட்டினாலும் பாதியைத் தொடவில்லை, மிச்சம் வெளியிலிருந்து வருகிறது என்றால்தான் சிறுபான்மை அரசு. 2006-இல் தமிழ்நாட்டில் 234-க்கு திமுக 96, காங்கிரஸ் 34 பேரோடு வெளியே நின்றது. ஜெயலலிதா அறிக்கைக்கு அறிக்கை "மைனாரிட்டி திமுக அரசு" என்றது வசைதான், ஆனாலும் இலக்கணம் பிசகவில்லை. (அதுவும் ஐந்து வருஷம் ஓடியது.)

பஞ்சாயத்துக் கதையிலும் பாதியை விட்டுவிட்டீர்கள். அரசியல் சட்டத் திருத்தத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ராஜீவுக்கு மாநிலங்களவையில் கிடைக்கவில்லை. மாநிலங்களைத் தாண்டி டெல்லி நேரடியாக ஊராட்சிக்குள் நுழைகிறது என்பதுதான் அன்றைய எதிர்ப்பு. 1992 திருத்தம் அதிகாரப் பகிர்வில் நிறைய விஷயங்களை மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டது, அதனால் எதிர்க்கட்சிகள் கை தூக்கின.

கணக்கர்:
அதைத்தானே சொல்கிறேன். எதிர்க்கட்சிக்கு என்ன கசக்கிறது என்று கேட்டு மசோதாவைத் திருத்தியதால் நிறைவேறியது.

தேன்மொழி:
பேசியது மட்டும்தானா, கொடுத்தது? 1993 ஜூலை 28-ஐ ஏன் தாண்டிப் போகிறீர்கள்? சபையின் அன்றைய பலம் 528, காங்கிரஸ் 251. சாதாரணப் பெரும்பான்மைக்கு 14 பேர் குறைவு. ராவ் அரசு மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவாக 251, எதிராக 265. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதுதான் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்கள் அரசைக் காக்கப் பணம் வாங்கினார்கள் என்ற லஞ்ச வழக்கு. 1998-இல் உச்ச நீதிமன்றம், பணம் வாங்கி ஓட்டுப் போட்டவர்களுக்கு சபையில் போட்ட ஓட்டுக்காக எம்.பி. மீது வழக்குத் தொடர முடியாது என்னும் அரசியல் சட்டத்தின் 105(2) பிரிவு பாதுகாப்புத் தருகிறது என்று சொல்லிவிட்டது. அதாவது வாங்கிக்கொண்டு சொன்னபடி ஓட்டுப் போட்டால் தப்பலாம், வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடாமல் இருந்தால் மாட்டலாம்! இந்த அபத்தத்தை ஏழு நீதிபதிகள் அமர்வு நீக்கியது 2024 மார்ச்சில்தான். ராவை 2000-இல் தனி நீதிமன்றம் தண்டித்தது, 2002-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதைப் பிடித்துக்கொள்வீர்கள்.

272 என்பது ஒரு கோடு. கோட்டுக்கு 40 பேர் மேலே இருப்பவருக்கு ஒரு எம்.பி.யின் விலை பூஜ்யம். கோட்டுக்கு 14 பேர் கீழே இருப்பவருக்குச் சின்னக் கட்சியின் ஒவ்வொரு எம்.பி.யும் தங்கம். குதிரை பேரம் ஆளைப் பொறுத்து வருவதில்லை, இந்தக் கணக்கிலிருந்து வருகிறது.

சட்டப்புள்ளி:
இருவருமே கவனிக்காத ஒன்று. ராவ் அரசு செய்த பெரிய காரியங்களில் எதற்கெல்லாம் ஓட்டு தேவைப்பட்டது என்று பாருங்கள். ரூபாய் மதிப்புக் குறைப்பு 1991 ஜூலை 1, 3 தேதிகளில். அப்போது அரசு நம்பிக்கை வாக்கே கோரியிருக்கவில்லை. நாணய மாற்று விகிதத்துக்கு மசோதா வேண்டாம். தொழில் உரிமத்தை 18 தொழில்கள் நீங்கலாக எடுத்தது கொள்கை அறிக்கை, அரசாணை வழியாக. இறக்குமதி உரிமமும் அப்படியே. சட்டம் தேவைப்பட்ட இடத்துக்கு வாருங்கள்: காப்பீட்டில் தனியாரை விடலாம் என்று மல்ஹோத்ரா குழு 1994-இல் அறிக்கை கொடுத்தது. சட்டம் வந்தது 1999-இல், வேறு ஆட்சியில். ஆலை மூடல், ஆள்குறைப்புச் சட்டங்களைத் தொடவே இல்லை. சிறுபான்மை அரசு கையெழுத்தில் வேகம், ஓட்டெடுப்பில் நத்தை. பேச்சுவார்த்தையால் சட்டம் செழிக்கிறது என்ற உங்கள் வாதத்துக்கு இது நேர் எதிர், கணக்கர்.

கணக்கர்:
பாதி ஒப்புக்கொள்கிறேன், மீதிக்கு உரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1991 ஜூலை 24 பட்ஜெட்டில் உர விலையை 40 சதவீதம் ஏற்றினார்கள். சபையில் கொந்தளிப்பு. இரண்டே வாரத்தில் 30 சதவீதமாகக் குறைத்து, சிறு, குறு விவசாயிகளுக்கு விலக்கும் கொடுத்தார்கள். பட்ஜெட்டின் போக்கு மாறவில்லை, அடி மட்டும் மெலிந்தவர்கள் மேல் விழாமல் போனது. அசுர பலம் உள்ள அரசு இப்படி இறங்கி வருமா?

தேன்மொழி:
அன்று கத்தியவர்களில் காங்கிரஸ் எம்.பி.க்களே ஏராளம். அது சொந்தக் கட்சியின் விவசாயத் தரப்பு காட்டிய பலம், அதற்குச் சிறுபான்மை அரசு தேவையில்லை.

அதே வருஷத்தின் முன்பாதியையும் பாருங்கள். பிரதமர் சந்திரசேகரிடம் இருந்தது 60 பேர் அளவில், தாங்கியது காங்கிரஸின் 197. அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்த நேரத்தில் முழு பட்ஜெட் போட முடியவில்லை, மார்ச்சில் வெறும் செலவு அனுமதி மட்டும். ராஜீவ் வீட்டருகே இரண்டு அரியானா போலீஸ்காரர்கள் வேவு பார்த்தார்கள் என்று காங்கிரஸ் முறுக்கிக்கொண்டது, மார்ச் 6 ராஜினாமா. மே மாதம் காபந்து அரசு 20 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிக் காசு புரட்டியது. நெருக்கடி பழையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்ஜெட் போட நாதியில்லாத நிலையை உண்டாக்கியது வெளி ஆதரவு. தாங்குகிறவனுக்குப் பொறுப்பு கிடையாது, கையை எடுக்கும் நாளை மட்டும் அவன் தீர்மானிக்கிறான்.

பூங்குன்றன்:
நோய் சரி, மருந்து இருக்கிறது. 1999 ஏப்ரல் 17-ஐ நினைத்துப் பாருங்கள். அதிமுக 18 பேரோடு விலகியது, வாஜ்பாய் 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் போனார். ஒடிசா முதல்வராகிவிட்ட கிரிதர் கமாங் எம்.பி. பதவியை விடாமல் வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டார். தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ், அரசை ஆதரிக்கும் கட்சி முடிவை மீறினார். சமமாக வந்திருந்தால்தான் சபாநாயகருக்கு ஓட்டு, அதுவும் வாய்க்கவில்லை. கவிழ்த்த 270 பேரால் மாற்று அரசு அமைக்க முடிந்ததா? காங்கிரஸ் தலைமையிலான அரசை ஆதரிக்க முலாயம் மறுத்தார், நாடு தேர்தலுக்குப் போனது. ஜெர்மனியில் இது நடக்காது. அடிப்படைச் சட்டத்தின் 67-ஆவது பிரிவுப்படி அடுத்த பிரதமர் பெயரைச் சொல்லி, அவரைத் தேர்ந்தெடுத்தால்தான் இருப்பவரை இறக்க முடியும். 1982-இல் ஷ்மித்தை இறக்கி கோல் வந்தது அப்படித்தான். நம் சட்ட ஆணையமும் 170-ஆவது அறிக்கையில் இதைப் பரிந்துரைத்தது.

சட்டப்புள்ளி:
அந்தப் பிரிவு நாற்காலியைக் காக்கும், பட்ஜெட்டைக் காக்காது. ஜெர்மனியிலேயே 2024 நவம்பரில் அடுத்த ஆண்டு பட்ஜெட் சண்டையில் கூட்டணியிலிருந்து சுதந்திர ஜனநாயகக் கட்சி வெளியேறியதும் பிரதமர் ஷோல்ஸ் சிறுபான்மை ஆனார். அவரை யாரும் 67-ஆவது பிரிவில் இறக்கவில்லை. ஆனால் பணத்துக்கு ஓட்டு இல்லை. டிசம்பர் 16-இல் அவரே நம்பிக்கை வாக்குக் கேட்டு 207-க்கு 394 என்று தோற்றுத் தேர்தலுக்குப் போனார்.

இங்கேயும் ஆபத்து நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் மட்டும் இல்லை. அதற்கு 50 பேர் எழுந்து நிற்க வேண்டும், பத்து நாள் அவகாசம் இருக்கிறது, ஆள் திரட்டலாம். அமைச்சகச் செலவுக்குச் சபையில் அனுமதி கேட்கும் மானியக் கோரிக்கை மீதான வெட்டுத் தீர்மானம் அப்படியல்ல. ஒரு அமைச்சகத்தின் தொகையை "1 ரூபாயாகக் குறை" என்று கொண்டுவந்து, கொறடா அசந்த ஒரு மாலையில் அது நிறைவேறினால் அரசு அன்றே காலி. 2010 ஏப்ரலில் எரிபொருள் விலை மீது அதைக் கொண்டுவந்தார்கள். மாயாவதி மன்மோகன் அரசுக்கு ஆதரவளித்தார், சமாஜ்வாதியும் லாலுவும் வெளிநடப்பு, 289-க்கு 201 என்று பிழைத்தது.

தேன்மொழி:
வெளிநடப்பு! அதைச் சொல்லுங்கள். வந்திருந்து வாக்களிப்பவர்களில்தான் பெரும்பான்மை பார்க்கப்படும் என்பதால், எழுந்து போகிறவர் பாதி ஓட்டைத் தானம் செய்கிறார். 2012 டிசம்பர் 5, சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு. முலாயம், மாயாவதி இருவர் கட்சியும் எதிர்த்துப் பேசின, இரண்டும் எழுந்து போயின, அரசு 253-க்கு 218 என்று ஜெயித்தது. உத்தரப் பிரதேசத்துக் கடைக்காரர் யாரிடம் கணக்குக் கேட்பார்?

கணக்கர்:
அதற்கு எழுத்தில் வையுங்கள் என்பேன். 2004-இல் இடதுசாரிகள் குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தை வைத்துக்கொண்டு, ஒருங்கிணைப்புக் குழுவில் உட்கார்ந்து வேலை உறுதிச் சட்டத்தை வாங்கினார்கள், பெல் நிறுவனப் பங்கு விற்பனையை நிறுத்தினார்கள். இன்னும் இறுக்கமாகச் செய்தது கனடா. 338-க்கு 160 இடம் வைத்திருந்த ட்ரூடோ 2022 மார்ச்சில் புதிய ஜனநாயகக் கட்சியோடு 2025 ஜூன் வரைக்கும் எழுதிக்கொண்டார்: பட்ஜெட்டுக்கும் நம்பிக்கை ஓட்டுக்கும் ஆதரவு, பதிலுக்குப் பல் மருத்துவத் திட்டம், மருந்துத் திட்டம். யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது ஊரறிந்தது.

தேன்மொழி:
2024 செப்டம்பரில், ஒன்பது மாதம் மிச்சம் இருக்கும்போது, அதைக் கிழித்துப் போட்டதும் ஊரறிந்ததுதான்.

சட்டப்புள்ளி:
கிழிப்பதற்குள் பல் மருத்துவத் திட்டத்துக்குச் சட்டம் வந்துவிட்டது, மருந்துத் திட்ட மசோதா கீழவையைத் தாண்டிவிட்டது என்பதையும் எழுதுங்கள். எழுதி வைத்த ஒப்பந்தத்தில் காலக்கெடுவோடு மசோதாப் பட்டியலும் இருக்க வேண்டும். நம் 2004 ஆவணத்தில் அணுசக்தி ஒப்பந்தம் பற்றி ஒரு வரி இல்லை, 2008 ஜூலையில் இடதுசாரிகள் விலகியது அந்த இடத்தில்தான். அதன் பின் 22-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 275-க்கு 256 என்று பிழைத்தது, ஓட்டுக்குக் கொடுத்த லஞ்சம் என்று எதிர்க்கட்சி எம்.பி.க்கள் சபை நடுவில் நோட்டுக் கட்டுகளைக் காட்டினார்கள்.